முழங்கால் வரை நீலமும் வெள்ளையும்

என் மகள் மேடையில் ஆடப்போகிறாள் என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டன் கேட்டு வந்த தையல்காரரிடம் ஜிப்பை எடுத்து நீட்டினேன். அவர் ஜிப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எம் மக டான்ஸ் ஆடப் போறா" என்றேன். அவர் அதையா கேட்டார்? "நல்லது சேச்சி, பட்டன் தாறீங்களா?" என்றார் மனுஷன்.

நான் வேலை பார்ப்பது திருவனந்தபுரத்தில், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், தையல் சாமான் கடையில். நூல், ஊசி, லேஸ், கொக்கி, லைனிங் துணி எல்லாம் விற்போம். கோயிலில் தேங்காய் உடைகிற சத்தம் நாள் முழுக்கக் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பழகிவிட்டால் அது சத்தமே இல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் மகள் போன் பண்ணினாள். "அம்மா, ஆபீஸ்ல ஃபேமிலி டே வருது. எங்க டீம்ல டான்ஸ் உண்டு. நானும் உண்டு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு வேலை.

இதற்குப் போய் இவ்வளவு துள்ளலா என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன். அவள் பிறக்கும்போதே இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. மாவுக்கட்டு, ஆபரேஷன், பிறகு கம்பி வைத்த பூட்ஸ் என்று வரிசையாகப் பார்த்துப் பாதத்தை நேராக்கிவிட்டோம். இப்போது நடையில் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பாதம் மட்டும் சின்னதாகவே நின்றுவிட்டது. கெண்டைக்காலில் சதை பிடிக்கவில்லை. ஷூ வாங்கினால் இரண்டு அளவில் இரண்டு ஜோடி வாங்குவோம், ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மிச்சம் கிடக்கிற ஷூக்களைக் கட்டிலுக்கடியில் தள்ளித் தள்ளி அங்கே ஒரு கடையே வைக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா வந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு மேடை கிடைக்கும். இவளுக்குத் திரைச்சீலைக் கயிறு. "கர்ட்டன் இழுக்க இவளை மிஞ்ச ஆளே இல்லை" என்று டீச்சர் ஒருத்தி என்னிடமே பாராட்டினாள். அந்தப் பாராட்டைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.  மகள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மற்றவர்கள் ஆடிய ஆட்டம் முழுவதையும் தனியாக ஆடுவாள். சாவித் துவாரம் எதற்கு இருக்கிறது? நான் பார்த்திருக்கிறேன். அவள் ஆடுவாள். நன்றாகவே ஆடுவாள்.

டான்ஸ் என்றால் சும்மா டான்ஸ் இல்லை. மேடையில் ஒரு கால்பந்தாட்டமே நடக்குமாம். பாதிப் பெண்கள் பிரேசில், மஞ்சள் சட்டை. மீதிப் பேர் அர்ஜென்டினா, நீலமும் வெள்ளையும். பாட்டுக்கு ஆடிக்கொண்டே, பந்து இல்லாமலே பந்து விளையாடி, கடைசியில் ஒரு கோல் அடித்து முடிப்பார்கள். அந்தக் கோலை அடிக்கப் போவது என் மகள்! இந்த ஊரில் மனிதர்களைப் பிரிக்க வேண்டுமானால் சாதியும் வேண்டாம் கட்சியும் வேண்டாம், இந்த இரண்டு நாடுகள் போதும். என் வீட்டுக்காரர் தம்பானூர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். மார்த்தாண்டத்துக்காரர், ஆனால் ஆட்டோவின் பின்கண்ணாடி முழுக்கப் பிரேசில் கொடி. மகள் அர்ஜென்டினாப் பக்கம் என்று கேட்டதும் சோற்றில் வைத்த கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"மக்ளே, சைடு மாத்தித் தரமாட்டாங்களா?"

"அச்சா, இது என்ன ஏலமா, கேட்டு வாங்க? டீம்லீடர் பேரு போட்டாச்சு."

"எங்க வீட்லயே எதிர்க்கட்சி" என்று சொல்லிவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். மனிதருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மாலை அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். உள்ளே சட்டை, அரைக்கால் டவுசர், முழங்கால் வரை வருகிற வரி போட்ட சாக்ஸ். ஆபீஸில் எல்லோருக்கும் மொத்தமாக வாங்கியது. வலது காலில் மாட்டினாள், கச்சிதமாக நின்றது. இடது காலில் மாட்டினாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் சாக்ஸ் சரசரவென்று கீழே இறங்கிக் கணுக்காலில் சுருண்டது. பாதத்தில் குதிகால் இருக்க வேண்டிய இடம் பின்னால் ஒரு பையாகத் தொங்கியது. மேலே ரப்பர்பேண்ட் போட்டுப் பார்த்தாள். ரத்தம் கட்டிச் சிவப்பு வளையம் விழுந்ததுதான் மிச்சம். அவள் கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸை மடித்துப் பையில் வைத்தாள். ரொம்ப அழகாக மடித்தாள். அப்படி மடித்தால் அழப்போகிறாள் என்று அர்த்தம்.

"சாரமில்லம்மா, பரவால்ல. நான் பாட்டுப் போடுற ஆளா இருந்துக்கறேன். அதுக்கும் ஆளு வேணுமே."

பாட்டுப் போடுகிறாளாம்! கயிற்றுக்கு அடுத்தது இதுவா? எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பாட்டுப் போட அங்க வேற ஆளே இல்லியா? வாயை மூடிட்டு இரு. நான் பின்னித் தாறேன்" என்றேன்.

"நீ சாக்ஸ் பின்னிருக்கியா எப்பவாச்சும்?"

"இல்ல. அதுக்கென்ன?"

பின்னல் எனக்குத் தெரியும். நான் வளர்ந்தது மலைமேல் போனக்காடு என்கிற தேயிலை எஸ்டேட்டில். அந்தக் குளிரில் காதுமூடும் குல்லாயும் ஸ்வெட்டரும் பின்னாத பெண்பிள்ளை கிடையாது. கீழே திருவனந்தபுரத்துக்கு வந்தபிறகு எங்கே ஸ்வெட்டர்? இங்கே மனிதர்கள் தோலையே கழற்றிப் போட முடியுமா என்று பார்க்கிறார்கள். ஆனால் கை மறக்குமா? சாக்ஸுக்கு மட்டும் போனில் வீடியோ பார்த்தேன். பேசியவள் என்ன பாஷை பேசினாள் என்று இன்றுவரை தெரியாது. அவள் கையை மட்டும் பார்த்தேன், புரிந்துவிட்டது.

கம்பளி இந்த ஊருக்கு ஆகாது. சாலைக் கடைத்தெருவில் அலைந்து மெல்லிய பருத்தி நூல் வாங்கினேன், வான நீலத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. பருத்திக்கு இழுவை கிடையாது, போட்டதும் தொளதொளத்துவிடும். அதற்கு எங்கள் கடையிலேயே மருந்து இருந்தது. சுருக்கு வைத்துத் தைக்கத் தையல்காரர்கள் வாங்கிப்போகிற, முடி மாதிரி மெல்லிய எலாஸ்டிக் நூல். அதைப் பருத்தியோடு சேர்த்துப் பிடித்துப் பின்னினால் ரப்பர் மாதிரி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இது வீடியோக்காரி சொன்னது இல்லை, என் மண்டையில் உதித்தது. அதை நினைத்து இரண்டு நாள் நானே என்னை மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் கையில் வட்ட ஊசி. முழங்காலுக்குக் கீழே தொடங்கி, பாதத்தை நோக்கிச் சுற்றிச் சுற்றி இறங்க வேண்டும். கொஞ்சம் நீலம், கொஞ்சம் வெள்ளை. நிறம் மாற்றும்போது நூலை வெட்டாமல் உள்பக்கமாகவே கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் அதை இறுக்கி இழுத்துவிட்டால் போச்சு, சாக்ஸ் குதிகாலைத் தாண்டாது. இறுக்கம் வேண்டும், இறுக்கவும் கூடாது. வாங்க வருகிறவர்கள் சும்மா போகமாட்டார்கள். "எந்தா சேச்சி, ஈ சூடில் ஸ்வெட்டரோ?" என்று ஒரு அம்மா கேட்டாள். "ஸ்வெட்டர் இல்ல, அர்ஜென்டினா" என்றேன். அவளுடைய புருஷன் அர்ஜென்டினாவாம். லேஸ் வாங்க வந்தவள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் சாக்ஸில் நான் ஒரு வேலை செய்தேன். இடது காலுக்குத்தான் அது. கெண்டைக்கால் வருகிற இடத்தில் நூலை இரட்டையாகப் பிடித்துத் தடியாகப் பின்னிவிட்டேன். உள்பக்கம் இன்னொரு அடுக்கும் வைத்தேன். போட்டால் அந்தக் காலும் வலது கால் மாதிரியே தெரிய வேண்டும், மேடையில் விளக்குப் போட்டால் யாரும் "அய்யோ பாவம்" சொல்லக்கூடாது. நல்ல எண்ணம்தானே? அவளிடம் சொல்லவில்லை.

அவள் போட்டாள். கண்ணாடி முன்னால் நின்றாள். எனக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. இரண்டு காலும் ஒன்றுபோலவே இருந்தன. "குதி பாப்போம்" என்றேன். குதித்தாள். சாக்ஸ் தன் கனத்துக்கே இறங்கியது. இன்னொரு தடவை குதித்தாள். அந்தச் செயற்கைக் கெண்டை மெல்லத் திரும்பி முன்பக்கம் வந்து நின்றது. அவள் கழற்றி உள்பக்கத்தைப் புரட்டினாள்.

"இதென்னம்மா, உள்ள ரெண்டு அடுக்கு?"

"கொஞ்சம் பூசினாப்ல இருக்கட்டும்னு..."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். "நான் கேட்டது நழுவாத சாக்ஸ். வேற காலு கேக்கல" என்றாள்.

எனக்கு மூஞ்சி விழுந்துவிட்டது. கண் எரியப் பின்னியிருக்கிறேன், ஒரு நன்றி உண்டா? "அப்ப நீயே பின்னிக்கோ" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். உருட்டிக்கொண்டே யோசித்தேன். நியாயம் அவள் பக்கம்தான் இருந்தது, அதனால் இன்னும் பலமாக உருட்டினேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏட்டி, சட்டி என்ன பாவம் செய்தது? பிரிச்சிட்டுப் பின்னு" என்றார். பிறகு அவரே தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார், நூலைப் பிரித்துச் சுற்றிக்கொள்ள. அவர் கைகளில் நீல நூல் சுற்றச் சுற்ற, "பாவி, எங்கையாலயே அர்ஜென்டினாவச் சுத்த வச்சிட்டாளே" என்று புலம்பினார். மகள் அறைக்குள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பாடா என்றிருந்தது.

இந்தத் தடவை ஒழுங்காக அளந்தேன். அவளைக் கட்டிலில் உட்காரவைத்து இடது காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். எத்தனையோ வருஷம் எண்ணெய் தடவி நீவிவிட்ட கால், கண்ணை மூடிக்கொண்டே வரைந்து காட்டுவேன். முழங்காலுக்குக் கீழே ஒரு அளவு, அங்கிருந்து இரண்டு விரற்கடைக்கு ஒரு அளவு, கணுக்கால், குதிகாலிலிருந்து மேல்பாதம் சுற்றி ஒரு அளவு, விரல் நுனிவரை நீளம். குதிகால் அவளுக்குச் சின்னது, மேல்பாதம் மேடு. கடை சாக்ஸ் ஏன் பையாகத் தொங்கியது என்று அப்போதுதான் விளங்கியது. டேப்பைச் சுற்றும்போதெல்லாம் "கூசுது" என்று நெளிந்தாள். "வலது?" என்று அவளே கேட்டாள். "அது நல்ல காலுதானே, அதை யாரு அளப்பா? எங்காலும் உங்காலும் ஒரே அச்சு. என் கால்ல போட்டுப் பாத்துக்கறேன்" என்றேன்.

எவ்வளவு அளவு எடுத்தாலும் கை கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. மேல்விளிம்பை இரண்டு கண்ணி முன்பக்கம், இரண்டு கண்ணி பின்பக்கம் என்று மாற்றி மாற்றி நாலு விரல் அகலத்துக்குப் பின்னினேன், அது கவ்விப் பிடிக்கும். பிறகு பின்பக்கம், சரியாகக் கெண்டையின் நடுவில், கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே இறங்கினேன். இதில் இன்னொரு வம்பு. அந்தக் கால் கொஞ்சம் கட்டை. வலது காலில் எத்தனை வரியோ இதிலும் அத்தனை வரி வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் நிற்கும்போது ஜோடி என்றே தெரியாது. ஆகவே இதில் ஒவ்வொரு வரியையும் ஒரு சுற்றுக் குறைத்தேன். தப்பாகி, பிரித்து, பின்னி, மறுபடி பிரித்து, ஒருநாள் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், கண்டக்டர் திட்டி, எல்லாம் ஆனது. பின்னல் குதிகால் வளைவில் சரியாகத் திரும்பிய அன்று கடையிலேயே "திரும்பிருச்சு!" என்று கத்திவிட்டேன். துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள், யார் திரும்பி வந்தது என்று.

கடைசிக் கண்ணியை மூடி, அவள் ஆபீஸிலிருந்து வந்து பையை வைக்கக்கூட விடாமல் உட்கார வைத்தேன். போட்டாள். சாக்ஸ் காலோடு போனது, அவ்வளவுதான் சொல்ல முடியும். எங்கேயும் சுருக்கம் இல்லை, எங்கேயும் பிதுங்கவில்லை. குதிகால் குதிகாலில் உட்கார்ந்தது. எழுந்து நின்றாள். குதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மாடிப்படியில் ஏறி இறங்கினாள். அசையவில்லை. ஹாலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிப் பந்தை உதைக்கிற மாதிரி உதைத்தாள், டீப்பாயில் இருந்த தண்ணீர்ச் செம்பு உருண்டது, சாக்ஸ் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது!

"அம்மே! அடிபொளி!" என்று என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள். என்னைத் தூக்குவது லேசான காரியமா? அப்படியே டீம்லீடருக்குப் போன் போட்டாள். "சேச்சி, பாட்டு வேற ஆளப் போடச் சொல்லுங்க. ஞானும் உண்டு கேட்டோ!" எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்திருந்தேன், மறுநாள் காலையிலேயே போய் உடைத்துவிட்டேன். மேடை முடியட்டும் என்று காத்திருக்கப் பொறுமை இல்லை.

வலது கால் சாக்ஸ் என்ன பெரிய வித்தை? அதைக் கடகடவென்று பின்னினேன். டிவி பார்த்துக்கொண்டு, வீட்டுக்காரரோடு வாயாடிக்கொண்டு, ஊசியைப் பார்க்காமலே. அவ்வப்போது என் வலது காலில் ஏற்றிப் பார்ப்பேன், கவ்வி நிற்கும். ஒத்திகைக்கு அவள் இடது காலில் என் சாக்ஸ், வலது காலில் கடை சாக்ஸ் போட்டுக்கொண்டு போனாள். நான் பின்னிய வலது சாக்ஸ் விழாவன்றைக்கு மத்தியானம்தான் முடிந்தது. அயர்ன் பண்ணி, மடித்து, அவள் பையில் நானே வைத்தேன்.

சாயங்காலம் பிரேசில் கொடி ஒட்டிய ஆட்டோவில் அர்ஜென்டினாவின் குடும்பம் போய் இறங்கியது. ஹால் நிறைய ஜனம். எனக்கு மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. பாட்டு தொடங்கியது, திரை விலகியது. யாரோ ஒரு பெண் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓரத்தில் நின்றாள். அவள் என் மகள் இல்லை. என் மகள் நடுவில் நின்றாள். முழங்கால் வரை நீலமும் வெள்ளையும்.

ஆடினார்கள் பாருங்கள், அப்படி ஒரு ஆட்டம்! மஞ்சள் ஒருபக்கம், நீலம் ஒருபக்கம், நடுவில் விசில் வாயோடு டீம்லீடர். எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும் இடது காலையே பார்த்தேன். அந்தக் கெண்டை ஒல்லியாகத் தெரிந்தது, மறைக்கவில்லை. நழுவாதே, நழுவாதே, நழுவாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சுற்றினாள், நழுவவில்லை. குதித்தாள், நழுவவில்லை. நான் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன், அவர் பிறகுதான் காட்டினார்.

அப்போது பின்வரிசையில் ஒரு அம்மா, "அய்யோ, ஒரெண்ணம் ஊரிப் போயல்லோ" என்றாள்.

 எது கழன்றது? இடது காலைப் பார்த்தேன். நிற்கிறது! மேல்விளிம்பு ஒரு நூல்கூட இறங்கவில்லை. இவளுக்குக் கண் தெரியவில்லையா என்று திரும்பி ஒரு வாங்கு வாங்கலாம் என்று பார்த்தேன்.

"ஏட்டி" என்றார் வீட்டுக்காரர், என் முகத்தைப் பிடித்து மேடைப் பக்கம் திருப்பி. "மத்தக் காலு. மத்தக் காலப் பாரு."

வலது சாக்ஸ் மொத்தமும் இறங்கிக் கணுக்காலில் ஒரு குவியலாகக் கிடந்தது. மேல்விளிம்பு ஷூவுக்கு மேல் வழிந்து தொங்கியது. அந்த வலது காலால்தான் அவள் கோல் அடிக்க வேண்டும். ஒத்திகையில் அப்படித்தான், வீட்டில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், இடது காலை ஊன்றி வலதால் உதைப்பாள். இப்போது உதைத்தால் தொங்குகிற விளிம்பு தட்டிக் கீழே விழுவாள். அம்மாடி, அவள் விழப்போகிறாள், இத்தனை பேர் முன்னால், நான் பின்னிய சாக்ஸ் தட்டி!

அவளும் குனிந்து பார்த்தாள். பார்த்தாள், சிரித்தாள். மேடையில், அத்தனை விளக்குக்கு நடுவில், வாய் விட்டுச் சிரித்தாள். பிறகு வலது காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு, இடது காலை, அந்தச் சின்னக் காலை, பின்னால் இழுத்து ஓங்கி ஒரு உதை. நீலமும் வெள்ளையுமாக அந்தக் கால் அவள் இடுப்பு உயரத்துக்கு எழும்பி நின்றது. ஹால் முழுக்க "கோ...ல்!" என்று எழுந்தது. என் பக்கத்தில் ஒரு மனிதர் நாற்காலி மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினார். யாரென்று பார்த்தால் என் வீட்டுக்காரர். பிரேசிலாவது ஒன்றாவது.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். அவள் வேர்த்து விறுவிறுத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். வலது சாக்ஸைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அதாலேயே என் தோளில் ஒரு அடி அடித்தாள்.

"யாரு காலுக்குப் பின்னின இத?"

"எங்காலுக்குச் சரியா இருந்துச்சே..."

"உங்காலா ஆடுச்சு?" சிரிப்பு அடங்காமல் கேட்டாள். அப்புறம் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அம்மா, என் வலது கால நீ ஒருநாளாச்சும் அளந்திருக்கியா?"

   என் கைப்பையில் டேப் எப்போதும் இருக்கும். எடுத்தேன். படியில் அவளுக்குக் கீழே உட்கார்ந்து, "கொண்டா" என்றேன். அவள் வலது காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள். பொத்தென்று கனமாக விழுந்தது. முழங்காலுக்குக் கீழே அளந்தேன், இரண்டு விரற்கடை விட்டு அளந்தேன், டேப்பைக் கெண்டைக்குப் பின்னால் கொண்டுபோகக் காலைத் திருப்பினேன். அங்கே மிளகு அளவுக்கு ஒரு மச்சம் இருந்தது.

"இது எப்ப வந்துச்சு?" என்றேன்.

"பொறந்ததுல இருந்தே இருக்கும்மா" என்றாள்.